வேம்படி ரோஜாவுக்கு எந்தச் செடி துணை?

திருநெல்வேலிப் பக்கம் வீட்டில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெட்டவெளியில் வைத்தால் சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகுகிறது. நிழலுக்கு ஒதுக்கலாம் என்றால் அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர் என்று எங்கே போனாலும் பழைய வீடாக இருந்தால் வாசலிலோ புறவாசலிலோ வேம்பு இல்லாமல் இருக்காது. அதன் அடியில் நாலைந்து ரோஜா, நடுவே வெறும் மண். அந்த மண்ணில் என்ன வைக்கலாம் என்பதுதான் கேள்வி. மதினி வீட்டிலும் இதே நிலைமை. "கேந்தி ஒரு வரிசை வச்சா பூச்சியே அண்டாதுன்னு சொல்லுதாவ, நெசமா தம்பி?" என்று துலுக்கச் சாமந்தியைச் சொல்லிக் கேட்டார். பாதி நிஜம் என்றேன். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

என் கட்சி இது: மரத்தடி ரோஜாவுக்குத் துணை தேடும்போது ரோஜாவைப் பார்க்கக் கூடாது, மரத்தைப் பார்க்க வேண்டும். லாவண்டர், பூண்டு, கேந்தி என்று வழக்கமாகச் சொல்லப்படும் துணைச் செடிகள் எல்லாம் திறந்த வெயில் பாத்திக்கு உரியவை. பாதி குளிர்நாட்டுச் சரக்கு வேறு. மரத்தடியில் ரோஜாவை வாட்டுவது முதலில் பூச்சி இல்லை, மரம்தான்.

சந்தேகம் இருந்தால் ரோஜா நட்டு ஓராண்டு ஆன குழியை மம்பட்டி நுனியால் லேசாகக் கிளறிப் பாருங்கள். நீங்கள் போட்ட சாணி எருவுக்குள் தலைமுடிபோல் செம்பழுப்பு வேர்கள் பின்னிக் கிடக்கும். ரோஜா வேர் என்று சந்தோஷப்பட வேண்டாம். பிடித்து இழுத்தால் அது மரத்தின் பக்கம்தான் போகும். மரத்தின் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணின் ஓரிரண்டு அடிக்குள்தான் இருக்கும். கிளை விரிவையும் தாண்டி வெளியே ஓடும். நீங்கள் ஊற்றும் தண்ணீரில் முதல் பங்கு மரத்துக்கு, மிஞ்சியது ரோஜாவுக்கு. இதற்கு நடுவே இன்னொரு செடியை வைத்தால் அது மூன்றாவது வாய். குறைவாகச் சாப்பிடுகிற வாயாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை.

செடியைத் தேர்வதற்கு முன் திசையையும் பார்த்துவிட வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆவணி வரை உச்சிக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. கணக்குப் போட்டால், 30 அடி உயர மரத்தின் உச்சி நிழல் மார்கழி நண்பகலில் வடக்கே ஏறக்குறைய 19 அடி தள்ளி விழும். ஆனி மாதத்தில் தெற்கே 8 அடிதான். அப்படியென்றால் மரத்துக்கு வடக்கே நிற்கும் ரோஜாவுக்கு ஐப்பசி முதல் மாசி வரை, அதாவது மழையும் பனியும் சேர்ந்த காலத்தில், வெயிலே சரியாகக் கிடைக்காது. கரும்புள்ளியும் சாம்பல் நோயும் அங்கேதான் முதலில் வரும். அந்தப் பக்கம் அடர்த்தியான துணைச் செடி எதுவுமே வேண்டாம், காற்று ஓடட்டும். கிழக்குப் பக்கம்தான் ராஜ இடம்: காலை வெயில் பனியைக் காயவைக்கும், பிற்பகல் வெயிலை மரம் தடுக்கும். தெற்கும் மோசமில்லை. மேற்கில் பிற்பகல் வெயிலோடு ஆனி, ஆடி மேகாற்றும், அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்றும், சேர்ந்துகொள்ளும். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற அந்தக் காற்று பணகுடிப் பக்கம் காற்றாலையையே சுற்றவைக்கிறது, ரோஜா மொட்டைச் சும்மா விடுமா.

சரி, இப்போது செடிகளுக்கு வருவோம்.

கேந்தி, அதாவது துலுக்கச் சாமந்தி, முதலில் பேசப்பட வேண்டியது. எல்லோரும் சொல்வது அதைத்தான். அதன் வேரிலிருந்து வரும் ஒரு பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை, அதாவது மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து அதை வீங்கவைக்கும் நுண்புழுவை, கட்டுப்படுத்தும் என்பது உண்மை. செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் இந்த நூற்புழு தாராளம், ரோஜாவும் அதற்குத் தப்பாது. ஆனால் அந்தப் பலன் கிடைக்க, இடம் முழுக்கக் கேந்தியை நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் வளரவிட வேண்டும். ரோஜாவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நட்டால் படம் எடுக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். மேலே பறக்கிற பூச்சி அதைப் பார்த்து ஓடும் என்பதற்கும் பெரிய ஆதாரம் இல்லை. கோடையில் சிவப்புச் சிலந்தி கேந்தியில்தான் முதலில் ஏறும். நீங்கள் கவனித்துப் பிடுங்கி எறிந்தால் அது பொறி, கவனிக்காமல் விட்டால் அது ரோஜாவுக்கு ஏணி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கேந்திக்கு முழு வெயில் வேண்டும். வேம்படியில் அது ஒல்லியாக உயர்ந்து, காற்றுக்குச் சாய்ந்து, நாலு பூவோடு நின்றுவிடும். இன்னொன்று, வேப்பிலை உதிர்ந்து மூடிய மண்ணில் விதை முளைப்பது மந்தம். வைப்பதென்றால் தொட்டியில் நாற்று விட்டு எடுத்து, கிளை விரிவுக்கு வெளியே கிழக்கு அல்லது தெற்கு ஓரத்தில் வையுங்கள். அல்லது புதிதாக ரோஜா வைக்கப் போகும் இடத்தில் முதலில் ஒரு போகம் கேந்தி போட்டு, பூவைப் பறித்த பிறகு செடியை அங்கேயே வெட்டி மண்ணோடு புரட்டிவிட்டு, அப்புறம் ரோஜா நடுங்கள். கேந்தியின் உண்மையான பயன் அதுதான்: துணையாக இருப்பதைவிட முன்னோடியாகப் போவது.

அடுத்தது கனகாம்பரம். நிழலைப் பொறுத்தவரை இதற்கு இணை கிடையாது. பாதி நிழலில்தான் இலை பச்சையாக, பூ நிறம் வெளிறாமல் இருக்கும். தலைக்கு வைக்கப் பூவும் ஆயிற்று. நாட்டுக் கனகாம்பரத்தின் காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் படீரென்று வெடித்து விதை தெறிக்கும், அடுத்த மழைக்குத் தானாகவே கன்று கிடைக்கும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, தண்டு ஒடித்துத்தான் வைக்க வேண்டும், ஆனால் பூ பெரிது. இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஒரு பெரிய "ஆனால்" போட வேண்டியிருக்கிறது. கனகாம்பரமும் நூற்புழுவுக்கு விருந்து. நூற்புழு வேரைத் துளைத்த இடத்தில் வாடல் பூஞ்சாணம் புகுந்து, நேற்று வரை நன்றாக நின்ற செடி திட்டுத் திட்டாகச் சாய்வதைக் கனகாம்பரம் போட்ட விவசாயிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே நூற்புழு பக்கத்து ரோஜாவுக்கும் போகும்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வைக்கப் போகும் இடத்தில் ஒரு தக்காளிக் கன்றை நடுங்கள். ஒன்றரை மாதம் கழித்து மண்ணை நனைத்து, வேர் அறாமல் தூக்கிக் கழுவிப் பாருங்கள். வேர் நூல்போல நேராக இருந்தால் பிரச்சினை இல்லை. அங்கங்கே பாசிமணி கோத்தமாதிரி வீங்கி இருந்தால் நூற்புழு குடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் கனகாம்பரத்தை மறந்துவிடுங்கள். பயறு வகைச் செடிகளின் வேரிலும் சிறு முடிச்சு இருக்கும், அது நல்லது செய்யும் முடிச்சு, விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழு வீக்கம் வேரின் சதையோடு சேர்ந்தே இருக்கும், உதிராது.

சோதனை எல்லாம் யார் செய்துகொண்டிருப்பது என்பவர்களுக்கு நான் சொல்வது டிசம்பர் பூ. இதைத்தான் மதினிக்கும் சொன்னேன். மழைக்காலத்தில் ஒரு கிளையை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். நிழலும் சரி, அரைவெயிலும் சரி. ஊதா, வெள்ளை, இரண்டும் கலந்த வரி என்று கார்த்திகை முதல் தை வரை பூக்கும். பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தப் பூ இல்லாத தலையைத் தேட வேண்டும். மணம் கிடையாது, நிறம்தான். இதை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் அதன் காலக்கணக்கு. தையில் பூ முடிந்ததும் மாசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடலாம். அதே மாசி, பங்குனியில் வேம்பும் இலை உதிர்க்கும். மேலேயும் திறந்து, பக்கத்திலும் திறந்து, ரோஜாவுக்கு அந்தச் சில வாரங்கள் நல்ல வெளிச்சம் கிடைக்கும். வெட்டாமல் விட்டால் நாலடி வரை புதராகி ரோஜாவை மூடிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகையால் ரோஜாவுக்குப் பின்னால், மரத்தை ஒட்டிய பக்கம் வையுங்கள். முன்னால் வேண்டாம்.

கற்பூரவல்லிக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். தண்டை ஒடித்துச் செருகினால் போதும். இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வேர் மேலோட்டமாகத்தான் போகும், நிழலைத் தாங்கும். மூன்றாவது வாய் என்று சொன்னேனே, அந்தக் கணக்கில் இது கிட்டத்தட்டப் பட்டினி கிடக்கிற வாய். சளிக்கும் ஆகும், பஜ்ஜிக்கும் ஆகும். அதன் வாசனைக்கு ரோஜாவின் பூச்சி ஓடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மண்ணை மூடி வைப்பதால் ஒரு உருப்படியான லாபம் உண்டு. கரும்புள்ளி நோயின் வித்து, கீழே விழுந்த ரோஜா இலையில் உட்கார்ந்திருந்து, மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறுகிறது. தரை மூடியிருந்தால் தெறிப்பு குறையும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினால் கற்பூரவல்லியின் அடித்தண்டு அழுகும். அது ஒன்றுதான் குறை. அழுகினால் இன்னொரு கிளை.

மஞ்சள் வைக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பொங்கலுக்கு மஞ்சள் குலை வீட்டிலேயே கிடைக்கும் என்ற ஆசை. நிழலில் வளரும் என்பதும் உண்மைதான், தோப்புகளில் ஊடுபயிராகப் போடுவதைப் பார்த்திருக்கலாம். ஆனால் மஞ்சளுக்கு ஈரம் நிறைய வேண்டும், சத்தும் வேண்டும், நூற்புழுவும் வரும். தையில் அதைத் தோண்டி எடுக்கும்போது பக்கத்து ரோஜாவின் வேரும் சேர்ந்து அறுபடும், அதுவும் ரோஜா நன்றாகப் பூக்கிற மாதத்தில். பொங்கலுக்குக் குலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

புதினா வேண்டாம், இரண்டு மழைக்குள் பாத்தி முழுவதும் அதனுடையதாகிவிடும். வேண்டுமென்றால் தொட்டியோடு வையுங்கள். பூண்டு நம் சமவெளியில் பல் திரளாது, குளிர் வேண்டும். கொடைக்கானல் மேல்மலை சமாச்சாரம் அது. சின்ன வெங்காயத்துக்கு வெயில் போதாது. டேபிள் ரோஸுக்கும் அதே கதை, நிழலில் மொட்டே விரியாது. துளசி, திருநீற்றுப்பச்சிலை இரண்டும் கிழக்கு ஓரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் நல்லது. அவை பூவிட்டால் தேனீயும், அசுவினியைத் தின்கிற பொறிவண்டும் வரப்போக இருக்கும். செம்பருத்தியை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். மாவுப்பூச்சி அதில் வந்தால் ரோஜாவுக்கு வர நாள் ஆகாது.

தரையோடு படர்கிற செடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நர்சரியில் வெடிலியாவை மலிவாகக் கொடுப்பார்கள். மஞ்சள் பூ, பச்சைப்பசேல் என்ற படர்வு, பார்த்ததும் ஆசை வரும். வாங்காதீர்கள். ஒரு கணு மண்ணில் பட்டாலும் வேர்விடும், அப்புறம் அதைப் பிடுங்குவதே வேலையாகிவிடும். அதைவிட முக்கியமான ஒரு விஷயத்தை இந்தச் செடிகளைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வதில்லை: வேம்படியைத் தினமும் பெருக்க வேண்டும். மாசி, பங்குனியில் இலை, சித்திரையில் பூ, ஆனி, ஆடியில் பழம் என்று ஏதாவது கொட்டிக்கொண்டே இருக்கும். வாரியல் போகிற இடத்தில் படர்செடி நிற்காது, படர்செடி இருக்கிற இடத்தில் வாரியல் போகாது. போகாத இடத்தில் வேப்பங்கொட்டை முளைக்கும். மேலே இரண்டு அங்குலம் தெரிகிறபோது கீழே அதைவிட நீளமாக ஆணிவேர் இறங்கியிருக்கும். ஒரு பருவம் கவனிக்காமல் விட்டால் கையால் பிடுங்க வராது. ஒரு வேம்போடு போராடுகிற ரோஜாவுக்கு இன்னும் பத்து வேம்பா?

கூடவே வீட்டில் பெரியவர்கள் சொல்கிற ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. "அடசலா வைக்காத, பூச்சி பொட்டு அடையும்" என்பார் ஆச்சி. அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. எலுமிச்சைப்புல்லும் நெருங்கிய படர்செடிகளும் எலி, தவளைக்கு இடம் கொடுக்கும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். பூப்பறிக்க விடியற்காலையில் கைவிடுகிற இடம் அது. தரை தெரியும்படி இடைவெளி விட்டு நிற்கிற செடிகளே மேல். அந்த விதத்தில் ரெயின் லில்லி எனக்குப் பிடிக்கும். புல்லைப்போல ஒல்லி இலை, மழை பெய்த சில நாளில் வெள்ளையோ இளஞ்சிவப்போ பூ, மற்ற நாளில் இருக்கிற இடம் தெரியாது. பெருக்கினாலும் ஒன்றும் ஆகாது. கிழங்கு நஞ்சு, வெங்காயம் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். பாளையங்கோட்டைச் செம்மண்ணில், வேம்படியில், நான் வைப்பது பின்னால் டிசம்பர் பூ, ரோஜாக்களுக்கு நடுவே அங்கங்கே கற்பூரவல்லி, முன் ஓரத்தில் ரெயின் லில்லி. தென்காசி, கடையம், அம்பை என்று சாரல் எட்டுகிற பக்கம் இருப்பவர்கள் கற்பூரவல்லியைக் குறைத்துக்கொண்டு கனகாம்பரத்தைத் துணிந்து வைக்கலாம், சோதனைக்குப் பிறகு. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துத் தேரி என்கிற செம்மணலில் தண்ணீரும் நிற்காது, கிணற்றுத் தண்ணீர் உப்பாகவும் இருக்கும். அங்கே நித்தியகல்யாணியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆடு கடிக்காது, வறட்சிக்கு அசையாது. நிழல் கூடினால் பூ குறையும், அவ்வளவுதான். புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்து வந்ததுதான். அதற்காக யாரும் வீட்டில் கஷாயம் போட்டுவிட வேண்டாம், நஞ்சு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதால் ரோஜாவையே மேடை கட்டித்தான் வைக்க வேண்டும். அங்கே டிசம்பர் பூ ஒன்று போதும். மேடை கட்டுகிறேன் என்று மரத்தின் அடித்தண்டைச் சுற்றி மண்ணை ஏற்றிவிடாதீர்கள், பட்டை அழுகி மரம் கெட்டுவிடும்.

ரோஜாவின் ரகமும் கொஞ்சம் பேச வேண்டிய விஷயம். பன்னீர் ரோஜா ஓரளவு நிழலைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அகலமாகப் பரவும், அடியிலிருந்து புதுக்கிளை விடும். ஓசூர், பெங்களூருப் பக்கமிருந்து வருகிற ஒட்டு ரோஜா ஒடுக்கமாக வளரும், நிழலில் சீக்கிரம் சோரும். எதுவானாலும் அடித்தண்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குத் துணைச் செடி எதுவும் வரக்கூடாது. அது எரு வைக்கவும், களை எடுக்கவும், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுக் கிளையைக் கண்டுபிடித்து அறுக்கவும் வேண்டிய இடம்.

மா, புளி போன்ற அடர்ந்த மரமாக இருந்து, நாளுக்கு நாலு மணி நேரம்கூட நேர் வெயில் வராத இடம் என்றால் துணைச் செடியைப் பற்றிய பேச்சே வீண். ரோஜாவைத் தொட்டிக்கு மாற்றிக் கிழக்கு ஓரத்துக்கோ மொட்டைமாடிப் படிக்கோ கொண்டுபோங்கள். மரத்தடி மண்ணில் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் தனியாக நன்றாகவே இருக்கும். தொட்டியை மண்மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். இல்லாவிட்டால் அடித்துளை வழியாக மரத்தின் வேர் உள்ளே ஏறிவிடும். வேம்பும் ஏறும், மாவும் ஏறும்.

நடுவதற்கு நாள் பார்ப்பவர்களுக்கு: புரட்டாசிக் கடைசியில், வடகிழக்கு மழை பிடிப்பதற்குச் சற்று முன்பு. ஆடிப்பட்டம் விதைக்குச் சரி, ஆனால் அப்போது நட்ட கன்று மேகாற்றில் காயும். குழியைப் பெரிதாகத் தோண்ட வேண்டாம், ஒரு கை அகலம் போதும். வழியில் கட்டைவிரல் கனத்துக்கு மேல் மரவேர் வந்தால் அதை அறுக்காமல் குழியை நகர்த்திக்கொள்ளுங்கள். மெல்லிய வேர் அறுபட்டால் பரவாயில்லை. நட்ட பிறகு முதல் இரண்டு மாதம் துணைச் செடிக்கும் ரோஜாவுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ரோஜாவுக்கு ஊற்றும்போது மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க, அடியில் மட்டும். துணைச் செடி வேர் பிடித்ததும் அதற்குத் தனியாக ஊற்றுவதை நிறுத்திவிடலாம். அதன் பிறகும் சித்திரையில் அது தினம் வாடி நின்று தண்ணீர் கேட்டால், அந்த இடத்துக்கு அது தோதான செடி இல்லை. பிடுங்கிவிட்டு அங்கே சருகைப் போட்டு மூடுங்கள்.